பாதம் கழுவிய புதன்கிழமை

மாசி மாதத்தில் யாராவது குடையோடு காலேஜுக்கு வருவார்களா? அமலியும் வரவில்லை. சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் சடசடவென்று பிடித்துக்கொண்டது மழை. காலம் கெட்ட மழை. துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, காமர்ஸ் பிளாக்கைப் பார்த்து ஒரே ஓட்டம். கண்ணை மூடிக்கொண்டு ஓடினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

டமால்!

எதிரே வந்தவன் கையில் ஒரு அலுமினிய அண்டா. அண்டா நிறைய கஞ்சி. இப்போது பாதி அண்டாவில்... மீதி அவன் வெள்ளைச் சட்டையிலும் இவள் சுடிதாரிலும். நல்லவேளை, சூடு ஆறியிருந்தது.

"ஏங்க... பாத்து வரக்கூடாது?" என்று முந்திக்கொண்டாள் அமலி. தப்பு தன் மேல் இருக்கும்போது முந்திக்கொள்வது அவள் வழக்கம்.

"நான் பாத்துகினுதாங்க வந்தேன். நீங்கதான் கண்ண மூடிகினு வந்தீங்க."

"மழையில யாராவது அண்டாவத் தூக்கிகினு திரிவாங்களா?"

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க. தவக்காலம் வேற. அந்தா, புது பில்டிங் கட்றாங்களே... அவங்களுக்கு மத்தியானக் கஞ்சி. மழ பேஞ்சா அவங்களுக்குப் பசிக்காதா?"

அமலி நிமிர்ந்து பார்த்தாள். அவன் இமை முடியில் ஒரு மழைத்துளி விழவா வேண்டாமா என்று நின்றது. திட்ட வேண்டிய கண்கள்... சிரித்துக்கொண்டிருந்தன. அடக் கடவுளே, சட்டை முழுக்கக் கஞ்சியை வைத்துக்கொண்டு ஒருவனால் இப்படிச் சிரிக்க முடியுமா? நெஞ்சுக்குள் எதுவோ குப்புற விழுந்தது.

"கழுத்துல சிலுவ தெரியுது," என்றான் அவன். "நம்ம ஆளுதானா? அப்ப தப்பிக்க முடியாது. கொட்டினதுக்கு அபராதம்... அடுத்த வெள்ளிக்கிழம கேன்டீன் பின்னாடி வந்து பாத்திரம் தேய்க்கணும்."

"வரலைன்னா?"

"மறுபடியும் மழ வரும். மறுபடியும் முட்டுவீங்க."

வராமல் இருப்பாளா? வந்தாள். அந்த வெள்ளிக்கிழமை மட்டுமல்ல, அதற்கு அடுத்ததற்கும்.

அவன் பெயர் ரெஜி. எம்.காம் கடைசி வருடம். காலேஜில் கத்தோலிக்க மாணவர்கள் நடத்தும் தோழமைக் குழுவுக்குத் தலைவன். தலைவன் என்றால் மாலை மரியாதை கிடையாது; அண்டா தூக்குவது, கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்து எழுத்து சொல்லிக்கொடுப்பது, ரத்தம் கேட்டு போன் வந்தால் ஆள் தேடி ஓடுவது. சொந்த ஊர் தேசூர். ஆரணியில் ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். தோழமையில் மற்ற எல்லோரும் செய்யாரிலிருந்தும் சந்தவாசலிலிருந்தும் பஸ்ஸில் வருகிறவர்கள். ஆரணி டவுனிலேயே வீடு என்றால் அது அமலி ஒருத்திக்குத்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவள் சொன்ன பொய் நிலைத்து நின்றதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அது நடந்தது. குழாயடியில் அமலியும், அவள் வகுப்புத் தோழி லிடியாவும் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ரெஜி தண்ணீர் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தான்.

"ரெஜிண்ணா, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க," என்றாள் லிடியா.

ரெஜி அமலி பக்கம் திரும்பினான். "எல்லாரும் அண்ணா அண்ணான்னு கூப்புடறாங்க. நீங்க மட்டும் ஏங்க எதுவுமே கூப்புட மாட்றீங்க?"

"பேரு மறந்து போச்சுங்க."

"கஞ்சி கொட்டினது ஞாபகம் இருக்குது... பேரு மறந்து போச்சா?"

"கஞ்சி துணியில ஒட்டிகினு போகவே மாட்டேங்குதுங்க. பேரு எங்க ஒட்டுச்சு?"

லிடியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. லிடியாவின் அப்பா செய்யாரில் கம்பெனி சூப்பர்வைசர். ரெஜியின் அம்மா பள்ளிக்கூட டீச்சர். "உங்க வீட்ல என்னங்க பண்றாங்க?" என்று ரெஜி சாதாரணமாகத்தான் கேட்டான்.

"சில்க்..." என்று ஆரம்பித்தாள் அமலி. அதுவரைக்கும் உண்மை. அடுத்த வார்த்தை தொண்டையில் வந்து நின்றது... நகரவில்லை. வேறொரு வார்த்தை அதை இடித்துத் தள்ளிவிட்டு வெளியே வந்தது. "...பிசினஸ்."

அடிப்பாவி!

அவள் அப்பா சாலமோன் சாயப்பட்டறையில் கூலிக்கு வேலை செய்கிறவர். கொதிக்கிற தொட்டியில் பட்டு நூலை முக்கி, கழியால் புரட்டிப் புரட்டிச் சாயம் ஏற்றுகிற வேலை. கைக்கு ரப்பர் உறை உண்டு. காலுக்கு எதுவும் கிடையாது. ஈரத் தரையில் பூட்ஸ் வழுக்கும் என்று யாரும் போடுவதில்லை. நாள் முழுக்கச் சாயத் தண்ணீரில் நின்று நின்று, கணுக்கால் வரை ஒரு வாரம் மெஜந்தா, ஒரு வாரம் கரும்பச்சை. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் அவளை அழைத்துப்போக வந்தபோது பிள்ளைகள் 'கலர் காலு, கலர் காலு' என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். அப்பா சிரித்துவிட்டு நடந்தார். அமலியால் சிரிக்க முடியவில்லை. அன்றைக்குப் போன சிரிப்புத்தான், அதற்கப்புறம் அப்பா பள்ளிக்கூடத்துப் பக்கம் வருகிறேன் என்றாலே ஏதாவது சாக்குச் சொல்லித் தடுத்துவிடுவாள்.

ரெஜி "ஓ, ஆரணின்னா சில்க்தானே!" என்று சொல்லிவிட்டு அடுத்த குடத்துக்குப் போய்விட்டான். அவ்வளவுதான். ஆனால் அன்று முதல் அவன் சிரிக்கும்போதெல்லாம் இவளுக்குள் ஒன்று குத்தியது. உண்மை தெரிந்தால் இந்தக் கண் இப்படிச் சிரிக்குமா? சிரிக்காது என்றே வைத்துக்கொண்டாள். சொல்லிவிடலாம், அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டாள். வெள்ளிக்கிழமைகள் வந்தன... போயின.

ஈஸ்டருக்கு முந்தின புனித வாரம் வந்தது. இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து, பெரிய வியாழனன்று கோயிலில் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். அன்று பிள்ளைகள் அவரவர் ஊர்க் கோயிலுக்குச் சீக்கிரமே கிளம்பிவிடுவதால், தோழமை புதன்கிழமையே காலேஜ் ஹாலில் தானும் ஒன்று நடத்தும். சாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், கழுவுவது மாணவர்கள். உட்காருகிறவர்கள் நமக்காக உழைக்கிறவர்கள். வாட்ச்மேன் பச்சையப்பன், கேன்டீன் ரேணுகாதேவி அக்கா, கட்டட வேலைக்காரர்கள், காலேஜ் பஸ் டிரைவர்... பிறகு எல்லோருக்கும் ஒன்றாக மதியச் சாப்பாடு.

ரெஜி முழந்தாளிட்டுக் கழுவ வேண்டும். லிடியா துண்டு. சொம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றுவது அமலி.

"பாத்து ஊத்துங்க. கஞ்சி மாதிரி ஊத்திடப் போறீங்க," என்றான் ரெஜி காதோரம். அன்று அவன் முகத்தில் என்னவோ ஒரு திருட்டுச் சந்தோஷம். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி நாற்காலி மட்டும் காலியாக இருந்தது.

பாட்டு ஆரம்பித்தபோது வாசலில் ஓர் உருவம் தயங்கி நின்றது. கோயிலில் அமலியின் உறுதிபூசுதல் சடங்குக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. மடிப்புக் கலையாத வேட்டி. படிய வாரிய தலை.

அப்பா!

சொம்பு கையிலிருந்து நழுவப் பார்த்தது. அப்பா எப்படி இங்கே? யார் கூப்பிட்டார்கள்? சாலமோன் ஹால் முழுக்கத் தேடி, மகளைக் கண்டுபிடித்தார். அவர் முகம் மலர்ந்தது பாருங்கள்... சின்னப் பிள்ளை மாதிரி, காது வரைக்கும் சிரிப்பு. 'பாத்தியா, வந்துட்டேன்!' என்கிற சிரிப்பு.

அமலி தலையைக் குனிந்துகொண்டாள்.

சிறிது நேரம் கழித்து நிமிர்ந்தபோது அவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இல்லை.

ஒவ்வொரு நாற்காலியாக வந்தது. கேன்டீன் ரேணுகாதேவி அக்கா அழுதுவிட்டாள். ரேணுகாதேவி அக்கா அழுதுவிட்டாள். அமலிக்கு எதுவும் காதில் ஏறவில்லை. ஓடிவிடலாமா? மயக்கம் வருகிறது என்று சொல்லலாமா? அதற்குள் கடைசி நாற்காலி வந்தேவிட்டது.

நிறமாக இருக்கும் என்று பயந்துகொண்டே அந்தக் கால்களைப் பார்த்தாள். நிறமே இல்லை. அதற்குப் பதில் தோல் செக்கச்செவேலென்று உரிந்து, விரல் இடுக்கில் கொப்புளம் கட்டியிருந்தது. தண்ணீர் பட்டதும் சாலமோன் பல்லைக் கடித்து மூச்சை உள்ளே இழுத்தார்.

"என்னங்கய்யா இது?" ரெஜி திடுக்கிட்டான்.

"ஒண்ணுமில்ல தம்பி. வெயில்ல செருப்பில்லாம நடந்துட்டேன்."

ரெஜி மெல்ல, பூவைத் தொடுகிற மாதிரி கழுவினான். குனிந்து அந்தப் பாதத்தை முத்தமிட்டான். பிறகு முழந்தாளில் இருந்தபடியே அமலியை நிமிர்ந்து பார்த்தான். அதே கண்கள்... அதே சிரிப்பு. "அமலி, இவர யாருன்னு தெரியுதா?" என்றான்.

லிடியா பார்த்தாள். ஹாலே பார்க்கிற மாதிரி இருந்தது அமலிக்கு.

"தெரியாதுங்க."

ரெஜியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அவன் சாலமோனைப் பார்த்தான்.

"பாப்பாவுக்கு என்ன எப்படித் தம்பி தெரியும்?" என்றார் சாலமோன் அவசரமாக. "நான் டவுன்ல எங்கயோ ஒரு மூலையில கெடக்கிறவன். இந்தப் பாப்பாவ நான் பாத்ததே இல்ல."

ரெஜி லிடியாவிடமிருந்து துண்டை வாங்கி, அந்தக் கால்களை நெடுநேரம் ஒற்றி ஒற்றி எடுத்தான்.

சாப்பாட்டுப் பந்தியில் சாம்பார் வாளி அமலி கையில். வரிசையில் அப்பா முன்னால் வந்து நின்றாள். இலையைப் பார்த்தபடி, "ஊத்தட்டுங்களா?" என்றாள்.

"கொஞ்சமா ஊத்துங்கம்மா. போதும்ங்க."

பெற்ற மகளைப் பார்த்து 'ங்க' போடுகிறார்! பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது அவளுக்கு. பூமி எங்கே பிளக்கும்? அடுத்த இலைக்குப் போனாள்.

*

சாயங்காலம் வீட்டுக்கு வரவே கால் எழவில்லை. வந்தபோது அப்பா எப்போதும் போலக் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "வாம்மா. நல்ல சாப்பாடு இன்னிக்கு. உங்க காலேஜ்ல சாம்பார் ஊத்துச்சே ஒரு பொண்ணு... என்னா மரியாத, என்னா மரியாத!" என்று கண்ணடித்தார்.

அவர் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அது நெஞ்சைக் கிழித்தது.

பின்கட்டிலிருந்து அம்மா சத்தம் போட்டுக்கொண்டே வந்தாள். "இந்த மனுஷன் பண்ண வேலையப் பாத்தியாடி? நேத்து பட்டறையில யாரும் இல்லாத நேரம் ஹைட்ரோஸக் கரைச்சி, சுடத் தண்ணியில கால விட்டுகினு உக்காந்திருக்காரு! கறை போவணுமாம்! தோலே போயிடிச்சி!"

நூலில் சாயம் தப்பாக ஏறிவிட்டால் அதைப் பிடுங்கி எடுக்கப் போடுகிற பவுடர் அது. பழைய நிறத்தையெல்லாம் சுத்தமாக உருவிவிடும். அதை எந்தச் சாயக்காரனாவது காலில் போட்டுக்கொள்வானா?

"ஏம்ப்பா... ஏம்ப்பா இப்படி..."

"காலேஜும்மா அது. உன் ஃப்ரெண்ட்ஸ்லாம் இருப்பாங்க. அங்க வந்து இந்தக் காலத் தூக்கி நீட்ட முடியுமா? ஒருவேள நீ வந்து 'எங்கப்பா'ன்னு சொன்னீன்னா... உனக்குக் கேவலமா இருக்கக் கூடாதில்ல?"

அமலி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அட, அழாத. தப்பு என்னுது. உன்னக் கேக்காம வந்திருக்கக் கூடாது. அந்தத் தம்பி சொல்றேன்னுதான் சொன்னாரு. நான்தான், 'சொல்லாதீங்க, திடீர்னு வந்து நின்னா எம் பொண்ணு சந்தோஷப்படுவா'ன்னு..."

அமலி அழுகையை நிறுத்தினாள். "எந்தத் தம்பி?"

"ரெஜி தம்பிதான். பட்டறைக்கே வந்து கூப்பிட்டாரே. 'அமலி எங்க தோழமைலதாங்க இருக்காங்க'ன்னு சொன்னாரு. நல்ல பையன்."

தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. தெரிந்தா கேட்டான்? யாரென்று தெரிந்துதான் 'தெரியுதா' என்று சிரித்துக்கொண்டே கேட்டானா? அவன் கையில் அப்பாவின் கால்... அவன் முகத்துக்கு நேராகப் பார்த்து இவள் 'தெரியாதுங்க'... அவர்கள் மூன்று பேரில் எதுவும் தெரியாமல் நின்றவள் இவள் ஒருத்திதான். மற்ற இரண்டு பேரும் இவளுடைய மானத்தைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வெட்கம் சாதாரண வெட்கம் இல்லை. காது மடல் வரைக்கும் எரிந்தது. அவன் மூஞ்சியில் இனி எப்படி முழிப்பது? அவன் போய்த்தொலையட்டும்... அப்பா மூஞ்சியில் எப்படி முழிப்பது?

*

வியாழக்கிழமை காலை அப்பாவை மொபெட்டில் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட வைத்தாள். இரண்டு காலிலும் வெள்ளைத் துணி. திரும்பும்போது வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேராக ஓட்டினாள்.

"எங்கம்மா போற?"

"காலேஜுக்கு."

"அய்யோ, வேணாம் அமலி... என்ன எறக்கி உடு. இந்தக் கட்டோட எங்க..."

"பேசாம உக்காருப்பா."

கேட்டில் வாட்ச்மேன் பச்சையப்பன் எழுந்து வந்தார். "நேத்து பக்கத்து சேர்ல உக்காந்துகினு இருந்தவராச்சே! வாங்க, வாங்க. இன்னா கால்ல கட்டு?"

"எங்கப்பாங்க," என்றாள் அமலி. காற்றுதான் வந்தது.

"இன்னா பாப்பா?"

"எங்கப்பா." இந்தத் தடவை குரல் வந்தது. பச்சையப்பன் ஒரு கணம் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நேற்று எல்லாம் அவர் பக்கத்து நாற்காலியில்தானே நடந்தது? அந்தப் பார்வையை அவள் வாங்கிக்கொண்டாள். வாங்கித்தானே ஆகவேண்டும்.

தோழமை அறையில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். லிடியா துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். ரெஜி மூலையில், கால் கழுவிய பேசினைத் துடைத்துக்கொண்டிருந்தான். கட்டுப்போட்ட கால்களோடு சாலமோன் தாங்கித் தாங்கி உள்ளே வர, எல்லோரும் திரும்பினார்கள்.

எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவளுக்கு எல்லாம் மறந்துபோனது.

"இவரு எங்கப்பா. பேரு சாலமோன். சாயப்பட்டறையில கூலி வேல செய்றாரு. பிசினஸ்லாம் ஒண்ணும் இல்ல, நான்தான் பொய் சொன்னேன். நேத்து இவரு கால்ல தண்ணி ஊத்திகினே தெரியாதுன்னு சொன்னேன். எனக்காக... எனக்குக் கேவலமா இருக்கக் கூடாதுன்னு... கறை போக மருந்து போட்டு இவரு கால..."

அதற்கு மேல் முடியவில்லை.

"உடும்மா... இன்னாம்மா இது," என்று சாலமோன் அவள் தோளைப் பிடித்தார். யாரோ ஒரு நாற்காலியை விரித்துப் போட்டார்கள். வேறு யாரோ தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள். லிடியா மட்டும் நகரவில்லை.

"எங்கிட்ட கூடவாடி?" என்றாள். "ஒரே பெஞ்சுல உக்காந்துகினு..." கையிலிருந்த துண்டை மறுபடி உதறி மறுபடி மடித்தாள். சமாதானமாக அவளுக்கு நாள் பிடிக்கும். பிடிக்கட்டும், நியாயம்தானே.

ரெஜி? அவன் சாலமோன் எதிரே வந்து நின்றான். கட்டுப்போட்ட கால்களைப் பார்த்தான். முகம் செத்துப்போனது. சட்டென்று வெளியே போய்விட்டான்.

முடிந்தது என்று நினைத்தாள் அமலி. போகட்டும். இதற்காகவா வந்தோம்? அப்பாவுக்காகத்தான் வந்தோம்... என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாலும், கண் வாசலைத்தான் பார்த்தது, பாழாய்ப்போன கண்.

பச்சையப்பன் வந்து, "டீ வரவெச்சிருக்கேன், வாங்க, கேட்டாண்ட நெழல்ல உக்காரலாம்" என்று சாலமோனைக் கைத்தாங்கலாக அழைத்துப்போனார். நேற்று ஒன்றாகக் கால் கழுவிக்கொண்டவர்கள் அல்லவா? ஒரே நாளில் பங்காளி ஆகிவிட்டார்கள்.

அமலி மெல்லக் கேன்டீன் பின்பக்கம் போனாள். குழாயடிச் சுவரில் சாய்ந்து ரெஜி நின்றுகொண்டிருந்தான். வெயில் சுள்ளென்று அடித்தது. அவன் ஒதுங்கவில்லை.

"சாரிங்க," என்றாள். "நேத்து உங்களையும் சேத்துக் கேவலப்படுத்திட்டேன். உங்களுக்கு முன்னாடியே தெரியும்னு அப்பா சொன்னாரு. இனிமே நான் தோழமைக்கு வரல. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான்..."

"உங்க மூஞ்சில முழிக்க எனக்குத்தாங்க வெக்கமா இருக்குது."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"ஒரு ஞாயித்துக்கெழம கோயில்ல காலப்பூச முடிஞ்சி, நீங்க உங்கப்பாகூட மொபெட்ல போறதப் பாத்தேன். கோயில்ல விசாரிச்சேன். பட்டறைன்னு தெரிஞ்சிது. நீங்க பிசினஸ்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு. உங்களுக்குக் கூச்சம்னு அப்பவே புரிஞ்சிருக்கணும். எனக்கு என்னமோ பெரிய இவன்னு நெனப்பு... நான் அவர் கால கழுவினா உங்க கூச்சமெல்லாம் போயிடும்னு நெனச்சேன். உங்கள ஒரு வார்த்த கேக்கல. அத்தன பேருக்கு முன்னாடி உங்கள நிக்க வெச்சி, யாருன்னு தெரியுதான்னு வேற கேட்டேன். தெரியாதுன்னு சொல்லாம என்ன பண்ணுவீங்க? நான் கூப்பிடாம இருந்திருந்தா அந்த மனுஷன் கால்ல தோல் இருந்திருக்கும்."

அவன் கண்கள் கலங்கியிருந்தன. அந்தக் கண்களைச் சிரிப்பில்லாமல் அவள் பார்த்ததே இல்லை. சிரிக்காதபோதும்... அவை அழகாகத்தான் இருந்தன. இந்த நேரத்தில் இது தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"எதுக்குங்க கூப்பிட்டீங்க? ஆரணியில எத்தன பேரு இருக்காங்க... எங்கப்பாவ எதுக்கு?"

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்கிற நெலமையிலயாங்க இருக்கேன்?"

அவன் சுவரில் எதையோ நகத்தால் சுரண்டினான். கஞ்சி அண்டாவைக் கீழே போடாமல் சமாளித்தவன், இதற்குத் தடுமாறினான்.

"பரீட்ச முடிஞ்சதும் உங்க வீட்டுக்கு வந்து பேசணும்னு... கொஞ்ச நாளா மனசுல ஓடிகினு இருந்துச்சு. அதுக்கு முன்னாடி உங்கப்பா கால ஒரு தடவ தொட்டுடணும்னு ஆசை. எனக்கு வேற சாக்கு கெடைக்கலங்க."

அமலிக்கு ஹாலில் குனிந்து அவன் முத்தமிட்டது ஞாபகம் வந்தது. அப்போது சொம்பைப் பிடித்துக்கொண்டு, எப்போது முடியும் எப்போது முடியும் என்று நின்றிருந்தாளே, பாவி!

"பொய் சொன்ன பொண்ணுங்க நான். அப்பாவையே தெரியாதுன்னு..."

"இன்னிக்கு அவரக் கூட்டிகினு உள்ள வந்தீங்களே... அப்ப நான் ஏன் வெளிய ஓடினேன் தெரியுமா? அங்க நின்னிருந்தா எல்லாருக்கு முன்னாடியும் அழுதிருப்பேன். எனக்கு அந்த தைரியம் இல்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "எனக்கு உங்களப் பிடிக்குங்க அமலி. ரொம்பப் பிடிக்கும். பதில் இப்பவே சொல்லணும்னு இல்ல."

"அமலீ...!"

கேட் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல். உடனே அதைப் பாதியில் விழுங்கிக்கொண்டது தெரிந்தது. கூப்பிட்டிருக்கக் கூடாதோ, யாருக்காவது கேட்டுவிட்டதோ என்று அவர் அங்கே தவிப்பது, இங்கிருந்தே அவளுக்குத் தெரிந்தது. ஒரே ஒரு நாளில் அவருக்கு அப்படி ஒரு பழக்கத்தைக் கொடுத்துவிட்டாள்.

அமலி குழாயடியைத் தாண்டி வெளியே வந்தாள். மாடி வராந்தா முழுக்க இடைவேளைக் கூட்டம். கைகளை வாயருகே குவித்துக்கொண்டாள்.

"அப்பா...! இருப்பா...! இவருக்கு ஒரு பதில் சொல்லிட்டு வரேன்...!"

வராந்தாவில் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. யார் அப்பா என்று தேடி, கேட்டருகே டீ கிளாஸோடு கட்டுக்காலை நீட்டி உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்தார்கள். சாலமோன் எழுந்து நின்றே விட்டார். கையைத் தூக்கி ஆட்டினார், அவ்வளவு பேரும் பார்க்க.

"என்னங்க இது, மானத்த வாங்கிட்டீங்களே!" ரெஜி சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். காதெல்லாம் சிவந்திருந்தது.

அமலிக்கும் முகம் கொதித்தது. ஆனாலும் அவன் கண்களை நேராகப் பார்த்தாள்.

"எனக்கும் பிடிக்குங்க," என்றாள். "வாங்க... எங்கப்பாகிட்ட வந்து சொல்லுங்க."